பூட்டிய பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், தோழர்களே! கோடை விடுமுறைக்காக அல்ல. கொள்ளைநோய் பரவிற்று என்பதற்காக அல்ல. புயலடித்துக் கூரை பறந்துபோயிற்று என்பதற்காகவும் அல்ல. கருப்பன் வீட்டுப் பிள்ளையும் வெள்ளையன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது; அந்த ஒரே காரணத்துக்காகப் பூட்டினார்கள். ஒரு பள்ளியை அல்ல, ஒரு வட்டாரத்தில் இருந்த அத்தனை பொதுப் பள்ளிகளையும்! ஒரு மாதமா, ஓராண்டா? 1959-இல் விழுந்த பூட்டு 1964-இல்தான் திறந்தது.

எந்தக் காட்டுமிராண்டி நாட்டில் என்று கேட்பீர்கள். மக்களாட்சிக்கு மறுபெயரே நாங்கள்தான் என்று மார்தட்டுகிற அமெரிக்காவில்! வெண்ணிலாவில் கால்வைக்க விண்கலம் சமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்!

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்ட்டி என்று ஒரு பகுதி. கவுண்ட்டி என்றால் நம்மூர் தாலுகாவை நினைத்துக்கொள்ளுங்கள். வரி போடவும் பள்ளி நடத்தவும் அதற்கென்று ஓர் ஆட்சிக் குழு உண்டு. புகையிலை விளைகிற செம்மண் பூமி. தலைமையூர் பார்ம்வில். அடிமை முறையைக் காக்கப் படை நடத்திய தளபதி இராபர்ட் லீ, 1865 ஏப்ரலில் தோற்றுப் பின்வாங்கியபோது இந்த ஊர் வழியாகத்தான் போனார். இரண்டே நாளில் பக்கத்து அப்பமாட்டாக்சில் சரணடைந்தார். சட்டப்படி அடிமைத்தளை அறுந்தது. ஆனால் ஆண்டை மனம் அறுந்ததா? பள்ளி தனி, தேவாலயம் தனி, பேருந்தில் இடம் தனி. தனியாக இருந்தாலும் சமமாக இருக்கும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. தனி என்பதை வெள்ளையர் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். சமம் என்பதைத்தான் மறந்துபோனார்கள்!

அந்த ஊரில் கருப்பர் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடியவர்கள், மார்த்தா பாரஸ்டர் என்ற அம்மையாரின் தலைமையில் கூடிய கருப்பினப் பெண்கள். கேட்டுக் கேட்டு, வாதாடி வாதாடி, 1939-இல் ஒரு செங்கல் கட்டடம் கிடைத்தது. அந்தப் பகுதியிலே வளர்ந்து, டஸ்கிகீ கல்வி நிலையத்தின் தலைவராக உயர்ந்த இராபர்ட் ரஸ்ஸா மோட்டன் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 180 மாணவர்களுக்கென்று கட்டிய பள்ளி. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அங்கே படித்தவர்கள் 450 பேருக்கு மேல். உணவுக்கூடம் இல்லை. உடற்பயிற்சிக்கூடம் இல்லை. ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்பு நடக்கும். ஓர் ஆசிரியர் சரித்திரம் சொல்ல, இன்னொருவர் கணக்குச் சொல்ல, பிள்ளை எதைக் கேட்பது? நின்றிருந்த பேருந்துக்குள்ளேகூட வகுப்பு நடந்தது. அந்தப் பேருந்தும் வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்துத் தள்ளியது.

இடமில்லை என்று கேட்டபோது கல்விக் குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளி வளாகத்தில் பலகையால் கொட்டகை போட்டு, தார் பூசிய காகிதத்தைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். சாலையில் போகிறவர்கள் அதைக் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம்! மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர்காலத்தில் ஒரு கொட்டகைக்கு ஓர் அடுப்பு. அதை ஒட்டி உட்கார்ந்தவன் வெந்துபோவான். தள்ளி உட்கார்ந்தவன் மேற்சட்டையைக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டு எழுதுவான். பார்ம்வில் வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியிலோ உணவுக்கூடமும் உண்டு, உடற்பயிற்சிக்கூடமும் உண்டு. ஒரே ஊர், ஒரே கருவூலம், ஒரே வரி!

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியர் பாய்டு ஜோன்சும், பாப்டிஸ்டு தேவாலயப் பாதிரியார் பிரான்சிஸ் கிரிபினும் முன்னின்று, பெற்றோர் சங்கத்தின் பெயரால் கல்விக் குழுவின் கூட்டத்துக்கு மாதாமாதம் நடந்தார்கள். இடம் பார்க்கிறோம், பணம் பார்க்கிறோம், பிறகு பார்க்கிறோம். இந்தப் பாட்டை நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா? கடைசியில், இனி நீங்கள் வரவேண்டாம், ஏதாவது முடிவானால் சொல்லி அனுப்புகிறோம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

பெரியவர்கள் தட்டிச் சாத்திய கதவை, ஒரு சிறுமி உடைத்தாள்.

பார்பரா ஜான்ஸ். வயது பதினாறு. வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, பண்ணை வேலையும் செய்துகொண்டு, மைல்கணக்கில் பேருந்தில் வந்து படித்த பெண். ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றாள். யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்ள மாட்டார்களா என்று நெடுநேரம் காத்திருந்தாள். வந்தது ஒரு பேருந்து. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து. பாதி இருக்கை காலி. நிற்காமல் போயிற்று. அந்தக் காலி இருக்கைகள் அவள் கண்ணைவிட்டு அகலவே இல்லை. பள்ளியின் நிலைபற்றிப் பாட்டு ஆசிரியை ஒருவரிடம் குறைப்பட்டபோது, நீயே ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டார் அவர். போகிற போக்கில் சொன்ன சொல்தான். அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்பத்தக்க சில மாணவர்களை மட்டும் சேர்த்தாள். ஜான் ஸ்டோக்ஸ், கேரி ஸ்டோக்ஸ் என்ற இரட்டையர் அவர்களில் இருவர். மாதக்கணக்கில் இரகசியமாகத் திட்டமிட்டார்கள். பெற்றோருக்குத் தெரியாது, ஆசிரியர்களுக்கும் தெரியாது. நான்கு பேர் கூடி ஓர் இரகசியத்தை நான்கு நாள் காக்க முடியாமல் தவிக்கிற பெரியவர்களைப் பார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளை வணங்கத்தான் தோன்றுகிறது.

1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 23. தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வருகிறது: உங்கள் மாணவர்கள் சிலர் ஊருக்குள் பேருந்து நிலையத்தில் தொல்லையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்று. பதறிக்கொண்டு ஓடுகிறார் அவர். அந்தப்பக்கம் அவர் போனதும், இந்தப்பக்கம் வகுப்புக்கு வகுப்பு சீட்டு பறக்கிறது: எல்லோரும் கூடத்துக்கு வரவும். கீழே இரண்டு ஆங்கில எழுத்துகள்: பி.ஜே. பாய்டு ஜோன்சுக்கும் அதே முதலெழுத்துகள், பார்பரா ஜான்சுக்கும் அதே முதலெழுத்துகள்! பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்த ஆசிரியர்கள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து உட்காரவைத்தார்கள்.

திரை விலகியது. மேடையிலே தலைமையாசிரியர் இல்லை, பார்பரா நிற்கிறாள். ஆசிரியர்கள் தயவுசெய்து வெளியே செல்லவேண்டும் என்கிறாள். சலசலப்பு. காலணியைக் கழற்றிப் பலகையில் ஓங்கித் தட்டுகிறாள். அமைதி. கொட்டகையைப் பற்றிப் பேசினாள், அடுப்பைப் பற்றிப் பேசினாள், ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசினாள். புதிதாக அவள் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் தினம்தினம் பட்டதைத்தான் சொன்னாள். இனிப் படவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பேச்சின் வலிமை வேறு எதில் இருக்கிறது? தலைமையாசிரியர் திரும்பி வந்து கெஞ்சிப் பார்த்தார். பயனில்லை. எழுதி ஒளித்துவைத்திருந்த அட்டைகள் வெளியே வந்தன. 450 பிள்ளைகளும் வெளிநடந்தார்கள். அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது.

கருப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் இராபின்சன் என்ற இருவர், வேறொரு வழக்குக்காகப் போகிற வழியில் பார்ம்வில்லில் இறங்கினார்கள். வகுப்புக்குத் திரும்பிப் போங்கள் பிள்ளைகளே என்று புத்திசொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார்கள். பிள்ளைகளின் உறுதியைப் பார்த்தபின் வந்தவர்களின் எண்ணம் மாறிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நல்ல கட்டடம் வேண்டும் என்று கேட்டால் வழக்கை எடுக்கமாட்டோம். தனித்தனிப் பள்ளி என்பதே கூடாது என்று கேட்பதானால், பெற்றோரும் ஒப்புக்கொள்வதானால், எடுக்கிறோம் என்றார்கள்.

இந்த இடத்தில்தான், தோழர்களே, சற்று நிற்கவேண்டும். கட்டடம் கேட்பது மனு. தடுப்புச்சுவரை எடு என்று கேட்பது போர். கட்டடம் கேட்டால் வெள்ளை முதலாளி முகஞ்சுளிப்பான். சுவரை எடு என்றால் வேலையைவிட்டு நிறுத்துவான், கடன் தரமாட்டான், குத்தகையைப் பிடுங்குவான். கையெழுத்துப் போடப்போகிறவர்கள் புகையிலைக் காட்டில் உழைக்கிறவர்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள். கிரிபினின் தேவாலயத்திலே கூடினார்கள். பழைய தலைமையாசிரியர் ஒருவரே எழுந்து, இது வேண்டாமே, ஆபத்தாயிற்றே என்று தயங்கினார். பார்பரா எழுந்து அவருக்குச் சூடாக விடையளித்தாள். பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள். பிள்ளை முன்னே போக, பெற்றோர் பின்னே வந்தார்கள்!

1951 மே 23-இல் வழக்குப் பதிவாயிற்று. 117 மாணவர்கள் வாதிகள். பட்டியலில் முதற்பெயர் டோரதி டேவிஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுமியுடையது. அந்தப் பெயராலேயே வழக்கு அறியப்பட்டது. பள்ளி வளாகத்திலே சிலுவையைக் கொளுத்தி மிரட்டினார்கள். பாய்டு ஜோன்சுக்கு வேலை போயிற்று. பார்பராவை அந்த ஊரில் வைத்திருப்பது ஆபத்து என்று, அலபாமா மாநிலம் மாண்ட்காமரியில் பாதிரியாராக இருந்த, தந்தையின் உடன்பிறந்தவரான வெர்னன் ஜான்சிடம் அனுப்பிவைத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் எந்தத் தேவாலயத்தின் மேடையில் நின்றாரோ, அந்த மேடையில் அவருக்கு முன் நின்றவர் இந்த வெர்னன் ஜான்ஸ். இப்படித்தான், போரைத் தொடங்கியவள் அந்தப் பள்ளியிலே படித்து முடிக்கவில்லை.

1952-இல் கீழ்மன்றத்தில் தோல்வி. பள்ளியைச் சீராக்குங்கள், பிரிவினை இருக்கட்டும் என்றார்கள் நீதிபதிகள். உடனே என்ன அதிசயம்! பல்லாண்டு கிடைக்காத நிலம் கிடைத்தது. இல்லாத பணம் வந்தது. 1953-இல் பளபளவென்று புதிய மோட்டன் பள்ளி எழுந்தது. கெஞ்சியபோது கொட்டகை, வழக்காடியபோது மாளிகை! பாதி அமைதியாகிவிடுவார்கள் என்று எண்ணினார்கள். வழக்கைத் திரும்பப் பெறவில்லை கருப்பர்கள். வேறு பகுதிகளிலிருந்து வந்த வழக்குகளோடு சேர்ந்து அது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவற்றிலே மாணவர்களின் வேலைநிறுத்தத்தில் பிறந்தது இந்த ஒன்றுதான். 1954 மே 17-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள்: பிரித்துவைத்த பள்ளி பிரித்துவைத்ததாலேயே சமமாகாது என்று.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்கமாட்டேன். தீர்ப்பு என்பது தாளில் இருக்கிறது. தாளைக் கிழிக்கத்தான் முடியாது, தட்டிக்கழிக்க முடியாதா? 1955-இல் உச்ச நீதிமன்றமே, உரிய நிதானத்தோடு விரைந்து செய்யுங்கள் என்ற பொருளில் நாள் குறிக்காமல் ஒரு கட்டளை தந்தது. விரைவு காற்றில் போயிற்று. நிதானம் மட்டும் நின்றது. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டு, முழு எதிர்ப்பு என்று முரசறைந்தார். இணக்கம் காட்டும் பள்ளிகளை மூடச் சட்டமே செய்தார்கள். 1958-இல் சில ஊர்களில் மூடியும் பார்த்தார்கள். 1959 சனவரியில் அந்தச் சட்டம் நீதிமன்றங்களில் விழுந்தது. மற்ற ஊர்கள் பணிந்தன.

பிரின்ஸ் எட்வர்டு பணியவில்லை. செப்டம்பரில் சேர்த்தே நடத்தவேண்டும் என்று மேல்முறையீட்டு மன்றம் ஆணையிட்டதும், ஆட்சிக் குழுவினர் கூடினார்கள். பள்ளியை மூடுகிறோம் என்றா தீர்மானம் போட்டார்கள்? எத்தர்கள்! பள்ளிக்கென்று இவ்வாண்டு வரியில்லை, நிதியில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பணமில்லாமல் பள்ளி ஏது? கூரையைப் பிரிக்கவில்லை, ஆணியை மட்டும் பிடுங்கினோம் என்பது போல! வழக்காடிக் கிடைத்த புதிய மோட்டன் பள்ளியும் பூட்டிற்று. ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். ஏறத்தாழ 1700 கருப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள்.

அப்படியானால் வெள்ளைப் பிள்ளைகள்? அங்கேதான் சூழ்ச்சியின் அழகைப் பாருங்கள். பொதுப்பள்ளி பூட்டிய அதே செப்டம்பரில், பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற தனியார் பள்ளி, தேவாலயங்களிலும் பொதுக்கூடங்களிலும் வெள்ளைப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 1500 பேருக்கு ஒருநாள்கூடப் படிப்பு தவறவில்லை. 1960-இல் அதற்குப் பொதுப்பணத்திலிருந்தே கட்டண உதவி! அகாடமிக்கு நன்கொடை தந்தவனுக்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவு! பிறகு நீதிமன்றம் அதைத் தடுத்தது என்பது வேறு. படிப்பு எதற்கு என்று ஊரான் பிள்ளையைக் கேட்கிறவன், தன் பிள்ளையைக் கேட்கமாட்டான். கேட்டவன் எங்கேனும் உண்டா? கட்டணம் கட்டமுடியாத ஏழை வெள்ளையர் பிள்ளைகள் சிலரும் படிப்பை இழந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நிறத்தைக் காட்டி அவர்களின் கைதட்டலை வாங்கிக்கொண்டவர்கள், அவர்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா வெள்ளையரும் ஒரே மாதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரின் லாங்வுட் கல்லூரியில் கார்டன் மாஸ் என்ற வெள்ளைப் பேராசிரியர், இது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். தன் இனத்தாரின் வெறுப்பையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு வந்தது தூண்டில். உங்கள் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு தனியார் பள்ளி ஏற்படுத்திக்கொள்ளுங்கள், உதவுகிறோம் என்றார்கள் வெள்ளையர். ஏற்றுக்கொண்டால் நாளைக்கே பிள்ளை கையில் பலகை. ஆனால் பொதுப்பள்ளி என்பது அந்த மண்ணில் அன்றோடு செத்தது, வழக்கும் செத்தது. மறுத்தார்கள்! எண்ணிப் பாருங்கள் தோழர்களே, மறுக்கிறவன் தன் சோற்றை மறுக்கவில்லை, பிள்ளையின் படிப்பை அல்லவா மறுக்கிறான்? அவர்கள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எளிது. ஏழு வயது மகளை வீட்டில் வைத்துக்கொண்டு சொன்னவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? தேவாலயத்தின் நிலவறைகளிலே, வேலையிழந்த ஆசிரியர்களும் தாய்மார்களும் கூடி எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பள்ளி என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளிக்கு இது ஈடு என்று யாரும் எண்ணிவிடக்கூடாதே என்ற கவலை. வடகரோலினாவில் கிட்ரெல் கல்லூரி மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டது. குவேக்கர் சங்கத்தார் சிலரை வேறு மாநிலங்களிலே அன்பர்கள் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். உறவினர் உள்ளவர்கள் பக்கத்துக் கவுண்ட்டிக்கு அனுப்பினார்கள். குடும்பம் பிரிந்தது, அண்ணன் ஓர் ஊர், தங்கை ஓர் ஊர். எங்கும் போக வழியில்லாதவர்கள்? காட்டுக்குப் போனார்கள், புகையிலை ஒடிக்க. நான் பள்ளியிறுதியோடு நின்றவன்; இதைப் படிக்கிற உங்களில் பலர் அதற்கும் முன்பே நின்றவர்கள். ஓராண்டுதானே, அடுத்த ஆண்டு சேர்ந்துகொள்ளலாம் என்று தறிக்குழியில் இறங்கிய பையன், மறுபடி பள்ளிக்கூடப் படியேறியதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்? அங்கே ஐந்தாண்டு!

1963-இல் அமெரிக்க அரசுக்கே வெட்கம் வந்தது. உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத சில நாடுகளின் பட்டியலைச் சொல்லி, அதிலே பிரின்ஸ் எட்வர்டு கவுண்ட்டியையும் சேர்த்துச் சொன்னார் அரசின் தலைமை வழக்கறிஞர் இராபர்ட் கென்னடி. அந்தக் கோடையில் பார்ம்வில் தெருக்களில் இளைஞர்கள் மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். செப்டம்பரில் நன்கொடைப் பணத்தைக் கொண்டு கட்டணமில்லாப் பள்ளிகள் திறந்தன. ஏறத்தாழ 1500 பேர் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டாகப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள். வயதைப் பார்த்து எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று தெரியாமல் ஆசிரியர்கள் திகைத்தார்கள். தொடக்கத்தில் சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகள் நான்கே பேர். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் நெஞ்சுரத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1964 மே 25. கிரிபின் பாதிரியாரின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹூகோ பிளாக். அடிமை முறை வேரோடியிருந்த அலபாமாவிலே பிறந்தவர். நிதானம் என்று சொல்லிக் காலம் கடத்தியது போதும் என்றார். தேவையானால் வரியைப் போடச் சொல்லி ஆட்சிக் குழுவுக்கே கட்டளையிடலாம் என்று வழிவிட்டார். அந்தச் செப்டம்பரில் பூட்டுத் திறந்தது. அகாடமி மட்டும் வெள்ளையருக்கென்றே தொடர்ந்து நடந்தது. 1978-இல் வரிவிலக்கை இழந்தது. 1986-இல்தான் கருப்பின மாணவர்களைச் சேர்த்தது. 1993-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

பார்பரா? பிலடெல்பியாவில் நூலகராக இருந்தார், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், 1991-இல் மறைந்தார். காலணி தட்டிய அந்தக் கூடமும் அந்தப் பழைய செங்கல் கட்டடமும், வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளான 2001 ஏப்ரல் 23-இல் அருங்காட்சியகமாயின. வாஷிங்டன் நாடாளுமன்ற மாளிகையில் வர்ஜீனியாவின் சார்பில் நூறாண்டுக்கு மேல் நின்றிருந்த தளபதி லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு யார் சிலை என்று கூடிப்பேசி, பார்பரா ஜான்ஸ் என்று முடிவுசெய்தார்கள். பார்ம்வில் வழியாகப் பின்வாங்கிய தளபதி, அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமிக்கு இடம்விட்டு மறுபடியும் பின்வாங்கினார்!

படிப்பை இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 2003-இல் வர்ஜீனியா சட்டமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு, கவுண்ட்டியின் உயர்நிலைப் பள்ளி அவர்களை அழைத்து மதிப்புச் சான்றிதழ் வழங்கியது. 2004-இல், விட்ட படிப்பைத் தொடர விரும்புகிறவர்களுக்கென்று ஓர் உதவித்தொகை நிதியும் ஏற்படுத்தினார்கள். செல்வர் ஒருவர் பத்து இலட்சம் டாலர் தர, அரசும் பங்கு போட்டது. நிதி வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு வயது ஐம்பது, அறுபது. முடி நரைத்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. அப்படியிருந்தும் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார்கள், விட்ட வகுப்பிலிருந்து தொடங்குவதற்கு.